வீட்டுத் திண்ணையா, பள்ளி வாசலா: கிறிஸ்தவத் தாய்மையும் வீட்டுக்கல்வியும்

பென்னலூர், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். ஒரு பக்கம் இருங்காட்டுக்கோட்டை சிப்காட், மறுபக்கம் ஸ்ரீபெரும்புதூர், ஊருக்குள்ளேயே 1985-இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி. 1990-களின் பிற்பாதியில் ஹூண்டாய் ஆலை வந்தது. பிறகு ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று தொழிற்பேட்டைகள் விரிந்தன. அன்றிலிருந்து இந்தத் தடத்தில் பொழுது ஷிப்ட் கணக்கில்தான் விடிகிறது. காலை ஷிப்டுக்குப் போகிறவரை ஏற்றக் கம்பெனி பஸ் இருட்டோடு வந்து நிற்கும். இரண்டாம் ஷிப்ட் முடித்தவர் கதவைத் தட்டும்போது பிள்ளை தூங்கியிருக்கும். அந்தப் பிள்ளைக்கு அரிச்சுவடியும் கணக்கும் ஜெபமும் சொல்லித்தர வீட்டில் இருப்பவர் பெரும்பாலும் தாய்தான்.

ஜெபத்தையும் வேத வசனத்தையும் சொல்லித்தரும் தாய், பள்ளிப் பாடத்தையும் வீட்டிலேயே சொல்லித்தந்தால் என்ன? கிறிஸ்தவப் பெற்றோர் சிலர் இன்று இப்படிக் கேட்கிறார்கள். ‘ஹோம் ஸ்கூலிங்’ என்ற பெயரோடு வந்ததால் இது புதுக் கேள்வி போலத் தெரிகிறது. தமிழ் மண்ணில் மட்டும் இதற்கு 200 ஆண்டுகளுக்கும் மேலாகப் பதில்கள் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. அந்தப் பதில்கள் ஒன்றையொன்று மறுப்பவை.

இக்கட்டுரையில் வீட்டுக்கல்வி என்பது பள்ளியில் சேர்க்காமல் முழுப் படிப்பையும் வீட்டிலேயே நடத்துவதைக் குறிக்கும். மாலை நேரக் குடும்ப ஜெபம், ஞாயிறு பள்ளி, கத்தோலிக்கப் பங்குகளின் மறைக்கல்வி, கோடை விடுமுறையின் வேதாகமப் பள்ளியான வி.பி.எஸ் ஆகியவை வேறு. அவை பள்ளியோடு சேர்ந்து நடப்பவை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் விவாதம் பலமுறை திசைமாறிப் போகிறது.

வீட்டில் படித்த சென்னை

சென்னை மாகாணத்தின் ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் எல்லாக் கலெக்டர்களிடமும் பள்ளிக் கணக்குக் கேட்டார். மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று கணக்கு வந்தது. அதில் ஒரு விவரம் தனித்து நிற்கிறது. சென்னை நகரில் பள்ளியில் படித்தோர் 5,523 பேர். வீட்டில் படித்தோர் 26,900-க்கும் மேல், அதாவது ஏறத்தாழ ஐந்து மடங்கு. எண்ணில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே 1826-இல் எழுதிய குறிப்பில் ஐயப்பட்டார். ஆனாலும் வீட்டில் கற்பது அன்று பரவலாக இருந்தது என்பதை அவர் மறுக்கவில்லை. 1983-இல் வரலாற்று ஆய்வாளர் தரம்பால் இந்த ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்ட பிறகு, பள்ளி என்பது வெள்ளைக்காரர் தந்த பிச்சை என்ற எண்ணம் ஆட்டம் கண்டது.

வீட்டுக்கல்விக்கு ஆதரவாக இந்தக் கணக்கை எடுத்துக்காட்டுவோர் உண்டு. அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. வீட்டுக்கு ஆசிரியரை வரவழைக்கவோ, படித்த உறவினரிடம் பாடம் கேட்கவோ வாய்ப்பிருந்த குடும்பங்கள் எவை என்று பார்க்க வேண்டும். வீட்டில் ஏடு இருந்தவர்களுக்குத்தான் வீடு பள்ளியாக இருந்தது. சேரிப் பிள்ளைக்கு வீட்டிலும் எழுத்து இல்லை, திண்ணைப் பள்ளியிலும் இடமில்லை. தமிழ்க் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதியினரின் முன்னோர் அந்த இரண்டாவது கூட்டத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு எழுத்து வந்தது மிஷன் பள்ளியின் கூரைக்கொட்டகை வழியாக. அந்த நினைவை ஒதுக்கிவிட்டு இந்தக் கேள்வியைப் பேச முடியாது.

வேதாகமம் எவ்வளவு தூரம் சொல்கிறது

வீட்டுக்கல்வியைக் கடமை என்று கொள்வோரின் முதல் ஆதாரம் உபாகமம் 6-ஆம் அதிகாரம். கட்டளைகளைப் பிள்ளைகளுக்கு எப்போதும், வீட்டிலும் வழியிலும் கற்பிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. இரண்டாவது ஆதாரம் தீமோத்தேயு. அவனுடைய விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முதலில் இருந்தது என்று பவுல் நினைவூட்டுகிறார். தகப்பன் கிரேக்கன் என்றும் வேதம் குறிப்பிடுவதால், தாய்வழி விசுவாசத்துக்கு இதைவிட நேரான சான்று இல்லை.

கத்தோலிக்கத் திருச்சபையும் இதே திசையில் பேசுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை பெற்றோரை முதன்மையான கல்வியாளர்கள் என்கிறது. 1981-இல் இரண்டாம் யோவான் பவுல் தம் குடும்பம் பற்றிய மடலில் இதை இன்னும் வலியுறுத்தினார்.

இந்த வசனங்களிலிருந்து ‘ஆகவே பள்ளி வேண்டாம்’ என்ற முடிவுக்குப் போவது எளிதல்ல. உபாகமம் இஸ்ரவேல் சபை முழுவதையும் விளித்துச் சொன்னது, தனி வீட்டுக்கு எழுதிய பாடத்திட்டம் அல்ல. அதே வேதாகமத்தில் அன்னாளும் இருக்கிறாள். வேண்டிப் பெற்ற பிள்ளை சாமுவேலைப் பால் மறந்ததும் சீலோவிலிருந்த ஆலயத்துக்குக் கொண்டுபோய் ஏலியிடம் விட்டாள். ஆண்டுக்கொருமுறை சிறிய சட்டை தைத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். நம் சபைகளில் எத்தனையோ ஆண்பிள்ளைகளுக்குச் சாமுவேல் என்று பெயர் வைக்கிறோம். அந்தப் பெயரே பிள்ளையைத் தன் கையிலிருந்து இன்னொருவர் கையில் கொடுத்த ஒரு தாயின் கதை.

மார்ட்டின் லூத்தர் இந்த இரு நிலைகளையும் ஒருங்கே வைத்திருந்தவர். 1529-இல் அவர் எழுதிய சிறு ஞானோபதேசம், வீட்டுத் தலைவர் தம் வீட்டாருக்குச் சொல்லித்தரும் விதத்தில் அமைந்தது. அதற்கு ஐந்தாண்டு முன்பே, 1524-இல், ஜெர்மன் நகர மன்றங்களுக்கு எழுதிய கடிதத்தில், பெரும்பாலான பெற்றோருக்குப் பிள்ளைகளைப் பயிற்றுவிக்கத் திறனோ நேரமோ இல்லை, ஆகவே நகரமே பள்ளி நடத்த வேண்டும் என்று வாதிட்டார். விசுவாசம் வீட்டில், கல்வி பொதுவில் என்ற இந்தப் பங்கீடுதான் 1706-இல் லூத்தரன் மிஷனரி சீகன்பால்க் வழியாகத் தரங்கம்பாடியில் கரையேறியது. மறு ஆண்டே அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியது.

வீடே ஆபத்து என்று எண்ணிய காலம்

இன்றைய வீட்டுக்கல்வி ஆதரவாளர் பள்ளியைக் கண்டு அஞ்சுகிறார். 19-ஆம் நூற்றாண்டின் மிஷனரி வீட்டைக் கண்டு அஞ்சினார். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1824-இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கியது. ஹாரியட் வின்ஸ்லோ அதன் தொடக்கத்தில் முன்னின்றவர். முந்தைய ஆண்டு வட்டுக்கோட்டையில் ஆண்களுக்கான செமினரி தொடங்கியிருந்தது. பெண்பிள்ளையை வீட்டில் விட்டால் கற்பித்ததெல்லாம் கரைந்துபோகும், விடுதியில் வைத்தால்தான் நாளைய கிறிஸ்தவத் தாய் உருவாவாள் என்பது அவர்கள் கணக்கு. கிறிஸ்தவ வீடு வேண்டுமென்றால் முதலில் பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்க வேண்டும் என்று நம்பினார்கள். தமிழ்ப் பெண்கல்வி வரலாற்றில் உடுவிலின் பங்கு பெரியது. ஆனால் அந்த நம்பிக்கை பல தாய்மாரைத் தகுதியற்றவர்கள் என்று தள்ளிவைத்த நம்பிக்கையும்கூட.

இதே அச்சத்தின் மறுமுகத்தைச் சென்னையில் பார்க்கலாம். ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சன் 1837-இல் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஆயிற்று. 1841-இல் அங்கே படித்த இளைஞர் சிலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். இந்துப் பெற்றோர் கூட்டமாக வந்து பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு பச்சையப்பன் அறக்கட்டளைப் பணத்தில் இந்துப் பிள்ளைகளுக்கான பள்ளி தொடங்கியது. பள்ளி என் பிள்ளையின் நம்பிக்கையைப் பறித்துவிடும் என்று அன்று பயந்தவர் இந்துத் தகப்பன். இன்று அதே சொற்களில் பயப்படுபவர் கிறிஸ்தவத் தாய். ஆண்டர்சனின் பெயரில் காஞ்சிபுரத்தில் இன்றும் ஒரு பள்ளி நடக்கிறது. செங்கற்பட்டில் அதே ஸ்காட்லாந்து மரபின் புனித கொலம்பா பள்ளி இருக்கிறது. பென்னலூருக்கு அருகிலுள்ள இந்த மிஷன் பள்ளிகளின் வாசலில் அன்று நின்ற பெற்றோரின் தயக்கத்தை, இன்றைய கிறிஸ்தவப் பெற்றோர் தங்கள் தயக்கத்தோடு வைத்துப் பார்ப்பது நல்லது. பயம் எல்லா மதத்தாருக்கும் பொது. அதனாலேயே அது பொய் ஆகிவிடாது. ஒரு தரப்புக்கு மட்டும் உரிய நியாயமும் ஆகிவிடாது.

பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி வீட்டுக்குப் போகட்டும் என்ற மூன்றாவது வழியும் அப்போதே முயலப்பட்டது. சனானா ஊழியம் என்று பெயர். வெளியே வராத பெண்களுக்கு வீட்டுக்கே போய் எழுத்தும் தையலும் வேதமும் சொல்லித்தந்தார்கள். சென்னையில் இதற்கு முன்னோடியாக இருந்தவர் அன்னா சத்தியநாதன், திருநெல்வேலியின் ஜான் தேவசகாயம் ஐயரின் மகள். அவருடைய மருமகள் கிருபாபாய் சத்தியநாதன் சிறுவயதில் அண்ணன் பாஸ்கரிடம் வீட்டில் படித்து, 1878-இல் சென்னை மருத்துவக் கல்லூரி வரை போனவர். அவர் 1887–88-இல் தொடராக எழுதிய ‘சகுணா’, வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் நிற்கும் ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் கதை. வீட்டில் படித்தும் உயரலாம் என்பதற்கு அவர் சாட்சி. வீட்டுப் படிப்பு முடிந்த இடத்தில் நிறுவனம் ஒன்று கதவு திறக்க வேண்டியிருந்தது என்பதற்கும் அவரே சாட்சி.

மிஷனரித் தாயின் சங்கடம்

இந்தக் கேள்வியில் மனத்தை அதிகம் பிசைவது மிஷனரித் தாய்மாரின் வரலாறு. தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டியவர்கள் தங்கள் பிள்ளைகளை ஆறேழு வயதில் கப்பலேற்றினார்கள், அல்லது சமையலறை மேசையில் தாங்களே படிக்க வைத்தார்கள். 1901-இல் கொடைக்கானலில் ஹைகிளர்க் என்ற பெயரில் அமெரிக்க மிஷனரிப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியது இந்தப் பிரிவின் வலியைக் குறைக்கத்தான். அதை முதலில் நடத்தியவர் மார்கரெட் எடி, மகனைப் பார்க்க இந்தியா வந்திருந்த ஒரு தாய். இன்றைய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளியின் வேர் அதுதான்.

அதே 1901-இல் திருநெல்வேலிச் சீமையில் வேறொரு விடை உருவாயிற்று. திருமணம் செய்யாத மிஷனரி ஏமி கார்மைக்கேல் டோனாவூரில் பிள்ளைகளைச் சேர்த்து வளர்க்கத் தொடங்கினார். பிள்ளைகள் அவரை ‘அம்மா’ என்றார்கள். வளர்த்த மற்றப் பெண்களைச் ‘சித்தி’ என்றும் ஆண்களை ‘அண்ணாச்சி’ என்றும் அழைத்தார்கள். அந்த வளாகத்துக்குள்ளேயே வீடும் ஆலயமும் பாடமும் இருந்தன. ஒருவகையில் தமிழ்நாட்டின் மிகப் பெரிய கிறிஸ்தவ வீட்டுக்கல்வி முயற்சி இதுதான் எனலாம். ஆனால் அந்த முறைப்பெயர்களை மறுபடி படித்துப் பாருங்கள். ஒரு தாய், பல சித்திகள், பல அண்ணாச்சிகள். பிள்ளைகளின் பாரம் ஒரே பெண்ணின் தோளில் இல்லை. அமெரிக்கப் புத்தகங்களைப் பார்த்து அடுக்குமாடி வீட்டில் தனியாக இதை நடத்த முனையும் தாய்க்கு டோனாவூர் சொல்லும் பாடம் இதுதான் என்பது என் எண்ணம்.

பின்னாளில் அதே டோனாவூரில் சந்தோஷ வித்யாலயா என்ற விடுதிப் பள்ளி வந்தது. வடஇந்தியாவில் ஊழியம் செய்யும் தமிழ் மிஷனரிகளின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். அன்னாளின் சட்டை மறுபடி தைக்கப்பட்டது. விசுவாசத்தின் பேரால் ஒரு தாய் பிள்ளையைப் பிரிகிறாள், அதே விசுவாசத்தின் பேரால் இன்னொரு தாய் பிள்ளையைக் கண்ணைவிட்டு அகலவிடாமல் வைத்துக்கொள்கிறாள். இருவரையும் ஒரே வேதம் தாங்குகிறது என்றால், வேதம் இந்த விஷயத்தில் ஒரே விதியைத் தரவில்லை என்று ஒப்புக்கொள்வதே நேர்மை.

அமெரிக்காவிலிருந்து வந்த பதில்

இன்று ஹோம் ஸ்கூலிங் என்று அறியப்படும் இயக்கம் 1970-களின் அமெரிக்காவில் இரண்டு ஊற்றுகளிலிருந்து வந்தது. ஒன்று ஜான் ஹோல்ட். பள்ளி பிள்ளையின் இயல்பான ஆர்வத்தைக் கொன்றுவிடுகிறது என்றவர், 1977-இல் இதற்கென்றே ஓர் இதழ் தொடங்கினார். மதம் அவர் பேச்சில் இல்லை. மற்றொன்று ரேமண்ட் மூர், டோரதி மூர் தம்பதி. அட்வென்டிஸ்ட் சபையினரான இவர்கள், பிள்ளையைச் சீக்கிரம் பள்ளியில் போடாதீர்கள் என்று 1975-இல் எழுதினார்கள். 1980-களில் பழமைவாதச் சபைகள் இந்த இரண்டாவது ஊற்றைப் பெருவெள்ளமாக்கின. 1993-க்குள் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி ஏற்கப்பட்டது. இந்தியாவில் பெங்களூரு, புனே போன்ற நகரங்களில் நடக்கும் வீட்டுக்கல்விப் பேச்சு பெரும்பாலும் ஹோல்ட் பக்கம் சாய்ந்தது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வந்து சேரும் பாடநூல்களோ மற்றப் பக்கத்தவை.

அவற்றில் ஒன்றை அருகில் பார்க்கலாம். டெக்சாஸில் 1970-இல் தொடங்கிய ஏ.சி.இ என்ற பாடத்திட்டத்தில் ஒரு பாடத்துக்கு ஆண்டுக்கு 12 சிறு பயிற்சிப் புத்தகங்கள். பிள்ளை தடுப்பு வைத்த மேசையில் தனியாக உட்கார்ந்து படிக்கும். சந்தேகம் வந்தால் வாய் திறக்காது, சின்னக் கொடி ஒன்றை மேலே நட்டு வைக்கும். கோடிட்ட இடத்தை நிரப்பி, விடைப் புத்தகத்தைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும். பயிற்சி இல்லாத தாயும் நடத்தலாம் என்பது இதன் பலம். கேள்வி கேட்டு, வாதாடி, தப்பாகச் சொல்லித் திருத்திக்கொள்ளும் கல்விக்கு இதில் இடம் குறைவு என்பது இதன் பலவீனம். அறிவியலில் படைப்புக் கோட்பாட்டை மட்டும் உண்மையாக வைக்கிறது என்ற குறையும் உண்டு. உயிரியல் படித்து மருத்துவராக ஆசைப்படும் பிள்ளைக்கு இது சின்னக் குறை அல்ல.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? வீட்டில் படித்தோர் தேர்வு மதிப்பெண்ணில் முந்துகிறார்கள் என்று ஆதரவு அமைப்புகளின் ஆய்வுகள் கூறுகின்றன. தாமாக முன்வந்த, படித்த, வசதியுள்ள குடும்பங்களையே பெரிதும் கணக்கில் எடுத்ததால் அந்த முடிவைப் பொதுவாக்க முடியாது என்பது மறுப்பு. கனடாவில் 2011-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு வீட்டுப் பிள்ளைகள் 37 பேரையும் பள்ளிப் பிள்ளைகள் 37 பேரையும் ஒப்பிட்டது. ஒழுங்கான பாடத்திட்டத்தோடு வீட்டில் படித்தவர்கள் முந்தினார்கள். திட்டமில்லாமல் வளர்ந்த 12 பேர் எல்லோருக்கும் பின்தங்கினார்கள். ராபர்ட் குன்ஸ்மன் 2009-இல் வெளியிட்ட நூலில் ஆறு பழமைவாதக் கிறிஸ்தவக் குடும்பங்களின் வீட்டுக்குள் போய்ப் பார்த்து எழுதினார். ஒரு வீட்டில் கல்லூரித் தரத்துக் கல்வி, இன்னொரு வீட்டில் வாசிப்பே தடுமாற்றம். வீட்டுக்கல்வி என்ற ஒரே பெயருக்குள் இவ்வளவு தூரம். ஆகவே ‘நல்லதா கெட்டதா’ என்ற கேள்வியைவிட ‘எந்த வீட்டில், யாருடைய துணையோடு’ என்ற கேள்வியே பயன் தரும்.

சட்டம் எங்கே நிற்கிறது

1948-இன் உலக மனித உரிமைப் பிரகடனம் தன் 26-ஆம் உறுப்பிலேயே இரண்டையும் சொல்கிறது: தொடக்கக் கல்வி கட்டாயம், கல்வியின் வகையைத் தேர்வதில் பெற்றோருக்கு முன்னுரிமை. நாடுகள் இரண்டில் ஒன்றின் பக்கம் சாய்ந்தன. ஜெர்மனியில் பள்ளிக்குப் போவது கட்டாயம். மத நம்பிக்கையைக் காட்டி விலக்குக் கேட்ட கிறிஸ்தவக் குடும்பங்களின் வழக்குகள் 2006-இலும் 2019-இலும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் தோற்றன. சமூகத்துக்குள் தனித் தீவுகள் உருவாகக் கூடாது என்ற ஜெர்மன் வாதத்துக்கு 2006-இல் நீதிமன்றம் மதிப்புக் கொடுத்தது.

இந்தியா நடுவில் மங்கலாக நிற்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அச்சட்டம் சொல்லவில்லை. அனுமதி பெறாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆகவே நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வீட்டில் வகுப்பு நடத்தினால் அது எப்போது ‘பள்ளி’ ஆகிறது என்பது தெளிவில்லாத கேள்வி. 2012-இன் திருத்தம் மதரஸா, வேத பாடசாலை, சமயக் கல்வியை முதன்மையாகத் தரும் நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு விலக்கு அளித்தது. வீடு நிறுவனம் அல்ல. டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு மாணவியின் வழக்கில் மத்திய அரசு முதலில் இச்சட்டம் வீட்டுக்கல்விக்குத் தடையல்ல என்றது, பிறகு அந்த நிலையிலிருந்து பின்வாங்கியது.

நடைமுறையில் வழி இருக்கிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளி மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையான நிலைகளையும், 14 வயதுக்குப் பின் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வையும் நடத்துகிறது. தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் பன்னிரண்டரை வயது நிரம்பியவர்களுக்கு எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு வைக்கிறது. ஆனால் வீட்டில் படிக்கும் பிள்ளை பற்றி யாருக்கும் தகவல் கொடுக்கும் முறையே இல்லை. பள்ளிக்கு அனுப்பாமல் வேலைக்கு அனுப்பப்படும் பிள்ளையும், வீட்டில் அக்கறையோடு படிக்கும் பிள்ளையும் அரசின் பதிவேட்டில் ஒன்றுபோலவே ‘பள்ளி செல்லா’ பிள்ளைகள். இந்த மங்கல் இரு சாராருக்கும் கேடு.

தாயின் நாள்

கிறிஸ்தவ வீட்டுக்கல்வி நூல்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் தாய், ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா வெஸ்லி. 19 பிள்ளைகளைப் பெற்று, தப்பிப் பிழைத்த பத்துப் பேரை எப்வொர்த் ஊரில் வீட்டிலேயே படிக்க வைத்தார். ஐந்து வயது நிறைந்த மறுநாள் பாடம் தொடங்கும், ஒரே நாளில் எழுத்துகள் அத்தனையும் கற்க வேண்டும், பிறகு நேரே ஆதியாகமம். வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாலை தனியாக ஒதுக்கியிருந்தார். ஜானுக்கு வியாழக்கிழமை. வியக்கத்தக்க உழைப்புத்தான். அந்த நூல்கள் அவரது ஒழுங்கைப் பாடுகின்றன, அவரது களைப்பைப் பேசுவதில்லை.

அந்தக் களைப்பை ஆராய்ந்தவர் சமூகவியலாளர் ஜெனிஃபர் லோயிஸ். 2013-இல் வெளியான அவருடைய நூல், வீட்டுக்கல்வித் தாய்மார் எப்படித் தங்களுக்கான நேரத்தைத் தியாகம் என்ற பெயரில் காலவரையின்றி ஒத்திவைக்கிறார்கள், எப்படிச் சோர்வைக் குற்ற உணர்வாக மாற்றிக்கொள்கிறார்கள் என்று காட்டியது. நம் நாட்டில் இது இன்னும் கடுமையாக இருக்கும் என்று எண்ண இடமுண்டு. 2019-இன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். இந்த ஐந்து மணி நேரத்தின் மேல் நாலு மணி நேரப் பாடத்தை வைத்தால் என்ன மிஞ்சும்?

ஒரகடம் தடத்தில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. நாட்டின் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில் ஏறத்தாழ 43 சதவீதத்தினர் தமிழ்நாட்டில் வேலை செய்கிறார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெண்கள் விடுதி திறக்கப்பட்டது. அதே ஆண்டு, இந்தத் தடத்தின் ஓர் ஆலையில் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்ற புகார் எழுந்து, மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. ஒருபுறம் மணமாகாத பெண்ணுக்கு வேலை, மறுபுறம் தாயான பெண்ணுக்குக் கதவடைப்பு. வேலைக்குப் போக வழியில்லாததால் வீட்டில் இருக்கும் தாயையும், அழைப்பு என்று நம்பி வீட்டில் இருக்கும் தாயையும் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாமவளிடம் ‘தாய்மையே உன் ஊழியம்’ என்று சபை சொன்னால், அது அவளுக்கு நேர்ந்த அநீதியை விசுவாசத்தால் மூடிவைப்பதாகிவிடும்.

வீட்டில் தாய் கற்பிப்பது பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளி வெறும் பாட அறை அல்ல. 1956-இல் தொடங்கிய மதிய உணவு, 1982-இன் சத்துணவு, 2022-இன் காலை உணவு என்று, பள்ளி தாயின் பாரத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது. கொரோனாவுக்குப் பின் 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தபோது, தெருத் திண்ணைகளில் மாலைப் பாடம் எடுத்த தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே இப்படி ஒரு திண்ணை இருக்க முடியும் என்று இந்த மாநிலம் செய்து காட்டியிருக்கிறது.

பிள்ளையின் சொல்

இந்த விவாதத்தில் மிகக் குறைவாகக் கேட்பது பிள்ளையின் குரல். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972-இல் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவின் பெற்றோருக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாதிருக்க உரிமை அளித்தபோது, நீதிபதி வில்லியம் டக்ளஸ் ஒரு கேள்வி எழுப்பினார். பெற்றோரின் மதம் பேசப்படுகிறது, அந்தப் பிள்ளை என்ன விரும்புகிறது என்று யார் கேட்டார்கள்? நம் பக்கத்தில் காந்தி. தென்னாப்பிரிக்காவில் தம் மகன்களை முறையான பள்ளிக்கு அனுப்பாமல் தாமே கற்பித்தார். முறையான படிப்பு கிடைக்காத குறை மகன்களுக்கு இருந்ததை அவரே சுயசரிதையில் மறைக்காமல் எழுதினார். மூத்த மகன் ஹரிலாலின் மனக்குறை கடைசிவரை ஆறவில்லை. பெரிய நோக்கமும் தூய அன்பும் இருந்த வீட்டிலேயே இது நடந்தது.

தமிழ்ப் பிள்ளைக்கு மொழி இழப்பும் சேரும். 2006-இன் தமிழ் கற்கும் சட்டம் பள்ளிகளில் தமிழைக் கட்டாயமாக்கியது. வெளிநாட்டுக் கிறிஸ்தவப் பாடநூல்களில் வளரும் பிள்ளை டாலரில் கூட்டல் படிக்கும், பாட்டியின் பாமாலையைப் படிக்கத் திணறும். வேதம் வாசிக்க வேண்டும் என்பதற்காகவே முதிய வயதில் எழுத்துக்கூட்டக் கற்ற தமிழ்க் கிறிஸ்தவத் தாய்மாரின் பரம்பரையில் இது சாதாரண இழப்பல்ல.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். கிறிஸ்தவப் பள்ளியில் சேர்த்தால் விசுவாசம் கிடைத்துவிடும் என்பது பழைய நினைப்பு. 2021-இல் தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டின் கிறிஸ்தவச் சிறுபான்மைப் பள்ளிகளில் படிப்போரில் ஏறத்தாழ 74 சதவீதத்தினர் கிறிஸ்தவர் அல்லாதவர். அந்தப் பள்ளிகள் எல்லோருக்குமானவை, அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் பிள்ளையின் விசுவாசப் பயிற்சியை அவற்றிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்த பெற்றோருக்கு, வீட்டுக்கல்விக் குடும்பங்கள் எழுப்பும் கேள்வி உறைக்கத்தான் செய்யும்.

இன்னும் முடிவாகாதவை

பெற்றோரே முதன்மை ஆசிரியர் என்ற நிலைப்பாடு வேத ஆதாரத்திலும் திருச்சபை மரபிலும் வலுவாக நிற்கிறது. அதிலிருந்து பள்ளி மறுப்பு தானாக வருவதில்லை. வீட்டுக்கல்வி பிள்ளையின் அறிவைக் கெடுக்கும் என்ற குற்றச்சாட்டு பொதுப்படையாக நிறுவப்படவில்லை. காக்கும் என்ற கூற்றும் நிறுவப்படவில்லை. தாயின் உழைப்பைக் கணக்கில் எடுக்காத எந்த வாதமும் முழுமையானதல்ல என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை.

தீராதிருப்பவை சில. வீட்டில் படிக்கும் பிள்ளையைத் தண்டனை பயமில்லாமல் பதிவு செய்து, ஆண்டுக்கொருமுறை கற்றல் அடைவைப் பார்க்கும் ஏற்பாட்டை அரசு கொண்டுவருமா? அந்தப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளியைத் தாண்டி, மற்ற மதப் பிள்ளைகளோடு விளையாடும் இடத்தைச் சபை உருவாக்குமா? தாய் காய்ச்சலில் படுத்தால் பாடம் எடுக்கப்போகும் சித்தி யார், அண்ணாச்சி யார்? கடைசிக் கேள்விக்கு விடை கைவசம் இல்லாத குடும்பம் வீட்டுக்கல்வியைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

தொடங்கிவிட்டு முடியாமல் நின்ற குடும்பமும் வெட்கப்பட வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி, ஒருநாள்கூடப் பள்ளிக்குப் போகாத பிள்ளையாக இருந்தாலும், ஆறு வயதைத் தாண்டி வந்து நின்றால் அதன் வயதுக்கு உரிய வகுப்பில் அதைச் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சியும் தர வேண்டும்.